கோஸ்ட் பாட்டு, ஜெயில் பாட்டு

அக்காவின் ரிசப்ஷனில் நீங்கள் ‘அன்செயின்டு மெலடி’ என்ற ஆங்கிலப் பாட்டைப் பாடப் போகிறீர்கள். வீட்டில் பாடிப் பழகும்போது மாமா ஒருவர் காதில் விழுந்து, “அது ஜெயில் பாட்டுப்பா, கல்யாண வீட்டில் எதற்கு?” என்று கேட்டுவிட்டார். அதே வாரம் உங்கள் வாட்ஸப்பில் வேறொரு கதை வந்திருக்கிறது: பதினாறு வயதுப் பையன் ஒருவன், விரும்பிய பெண்ணிடம் வாய்விட்டுச் சொல்லத் தைரியமில்லாமல் எழுதிவைத்த பாட்டு என்று. சிறையா, காதலா, எது உண்மை என்று கேட்டிருக்கிறீர்கள். இவ்வளவு பழைய பாட்டை உலகம் முழுக்க இன்னும் ஏன் பாடுகிறார்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் இதற்கெல்லாம் அடியில் உங்களுக்கு வேண்டியது ஒரே பதில்தான் என்று நினைக்கிறேன். இதைக் கல்யாணத்தில் பாடலாமா, கூடாதா? அதற்குக் கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும், ஏனென்றால் உங்கள் மாமா சொன்னது பொய் இல்லை.

நான் பெங்களூரில் கீபோர்டு வாசிப்பவன். மர்பி டவுனில் பிறந்தவன். சர்ச் ஆர்கனில் விரல் பழகி, 1988லிருந்து ஓட்டல் லவுஞ்சுகளிலும் ரிசப்ஷன் மேடைகளிலும் வாசித்துப் பிழைக்கிறேன். இந்தப் பாட்டை எத்தனை தடவை வாசித்தேன் என்று எண்ணியதில்லை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கை தானாகப் போகும். கார்டு என்கிற சுரக்கூட்டு, தாளம், ஸ்கேல் என்கிற சுருதி பற்றி நான் சொல்வதைக் கையால் தெரிந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்களும் வருடங்களும் படித்துத் தெரிந்தவை. பாட்டுக்காரர்கள் பேட்டியில் சொன்ன கதைகள் மூன்றாவது ரகம், அவற்றை அந்தந்த இடத்தில் ‘சொல்கிறார்கள்’ என்றே சொல்கிறேன்.

முதலில் சந்தேகமில்லாத பகுதி. 1955இல் அமெரிக்காவில் ‘அன்செயின்டு’ என்று ஒரு படம் வந்தது. ஹால் பார்ட்லெட் இயக்கிய படம். கலிஃபோர்னியாவில் சீனோ என்ற ஊரில் உள்ள சிறைதான் கதைக்களம். நமக்குத் தெரிந்த மாதிரி உயர்ந்த மதிலும் துப்பாக்கிக் காவலுமாக இல்லாமல், கைதியை நம்பி வைத்துத் திருத்தப் பார்த்த சிறை அது. தப்பி ஓடுவது கஷ்டமே இல்லாத இடத்தில், ஓடிவிடலாமா, இருந்து தண்டனையை முடித்துவிட்டு வெளியே போகலாமா என்று ஒருவன் தவிப்பதுதான் கதை. படத்தை இன்று யாருக்கும் நினைவில்லை. அதற்கு இசையமைத்தவர் அலெக்ஸ் நார்த், பாட்டெழுதியவர் ஹை ஜாரெட். படத்தில் அதைப் பாடுபவரும் ஒரு கைதிதான். அந்த வேடத்தில் வந்தவர் டாட் டங்கன். 1935இல் ‘போர்கி அண்ட் பெஸ்’ ஆபரா முதன்முதலில் மேடையேறியபோது போர்கியாகப் பாடியவர், கறுப்பினப் பாடகர்களில் பெரிய பெயர். ஆக, மாமாவுக்கு முழு மார்க். பிறந்த இடம் சிறை, முதலில் பாடிய பாத்திரம் கைதி.

பெயரிலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. ‘அன்செயின்டு’ என்றால் சங்கிலி அவிழ்ந்தது. ஆனால் பாட்டில் முதல் அடியிலிருந்து கடைசி அடி வரை சங்கிலியும் கிடையாது, சிறையும் கிடையாது, கம்பியும் கிடையாது. தலைப்பில் உள்ள சொல் பாட்டுக்குள் ஒருமுறைகூட வராது. ஆழமான தத்துவம் என்று தேட வேண்டாம். ‘அன்செயின்டு’ படத்தின் மெட்டு, அதனால் ‘அன்செயின்டு மெலடி’. அவ்வளவுதான். நம் ஊர் கல்யாணங்களில் இன்றைக்கும் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பதில்லை. “சார், அந்த கோஸ்ட் பாட்டு வாசிங்க” என்பார்கள், 1990இல் ‘கோஸ்ட்’ என்ற அமெரிக்கப் படத்தில் இது வந்ததால். படத்தின் பெயரைப் பாட்டுக்கு வைப்பதை நாம்தான் செய்கிறோம் என்று நினைத்திருந்தேன். அதை உண்டாக்கியவர்களே அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.

சிறையைப் பாட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்று ஜாரெட்டிடம் கேட்டார்களாம், அவர் மறுத்துவிட்டாராம். முதலில் எழுதவே ஒப்புக்கொள்ளவில்லை, வீட்டுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கிறேன், நேரமில்லை என்றாராம். பெயிண்ட் கதை நிஜமோ ஜோடனையோ, பாட்டில் சிறை இல்லை என்பது கண்ணால் பார்க்கக்கூடிய விஷயம். என் கணிப்பில் இந்தப் பாட்டின் எழுபது வருட ஆயுளுக்கு அந்த மறுப்புதான் முதல் காரணம். கம்பியைப் பற்றி ஒரே ஒரு சொல் இருந்திருந்தால், படம் பெட்டிக்குள் போனபோது பாட்டும் கூடவே போயிருக்கும்.

பதினாறு வயதுப் பையன் கதைக்கு வருகிறேன். அது வெறுங்காற்றில் பிறந்த கதை இல்லை, ஆனால் உண்மையும் இல்லை. அமெரிக்காவில் ஒரு எலக்ட்ரிகல் இன்ஜினியர், அந்த வரிகளைச் சின்ன வயதில் தான்தான் எழுதினேன், ‘ஹை ஜாரெட்’ என்பது தன் புனைபெயர் என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்காகத் தன் பெயரைச் சட்டப்படி மாற்றிக்கொள்ளவும் செய்தார். அவர் இறந்தபோது அது செய்தியாக வெளிவந்து, இணையத்துக்கும் ஏறிவிட்டது. ஆனால் ஹை ஜாரெட் உயிரோடு இருந்த நிஜ மனிதர். 1907இல் நியூயார்க்கில் பிறந்து, சட்டம் படித்து, வக்கீல் தொழிலை விட்டுப் பாட்டெழுத வந்தவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பிரெஞ்சுப் பாட்டு ஒன்றை ‘தி பார்டிசன்’ என்று ஆங்கிலத்தில் ஆக்கியவரும் அவர்தான், அதைப் பிற்பாடு லெனார்ட் கோஹன் பாடினார். குழந்தைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கும் பாட்டுத் தட்டுகள்கூட எழுதியிருக்கிறார். 2007இல், நூறு வயதைத் தொடப் போகும் நேரத்தில் காலமானார். ராயல்டி கடைசி வரை அவருக்குத்தான் போனது. யார் எழுதியது என்ற தகராறு அவர் பக்கம்தான் தீர்ந்தது. ஆகவே வாட்ஸப்பில் வந்ததை நீங்கள் மற்றவர்களுக்கு அனுப்பாமல் இருந்தால் நல்லது. அந்தப் பொய் ஏன் இவ்வளவு சுலபமாகப் பரவுகிறது என்றும் யோசித்துப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த நடுவயது மனிதர் கூலிக்கு எழுதிய பாட்டு என்றால் நமக்கு மனசு ஒப்பவில்லை. யாராவது ஒரு பையன் ஏங்கித் துடித்து எழுதியிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். தமிழ்ச் சினிமாவில் சிறந்த காதல் பாட்டுகளில் பாதி, காலை பத்து மணிக்கு ஸ்டூடியோவில் உட்கார்ந்து, மெட்டுக்குச் சொல் தேடி எழுதியவைதானே.

மெட்டுப் போட்ட அலெக்ஸ் நார்த்தும் சாமானியர் இல்லை. மாஸ்கோவில் போய்ப் பயின்றவர். ‘எ ஸ்ட்ரீட்கார் நேம்டு டிசையர்’, ‘ஸ்பார்ட்டகஸ்’, ‘கிளியோபாட்ரா’ எல்லாம் அவர் இசை. ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’யின் முதல் பாதிக்கு அவர் இசையமைத்துப் பதிவுசெய்த பிறகு, இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் அதை அப்படியே ஒதுக்கிவிட்டு, ஏற்கெனவே இருந்த சாஸ்திரிய இசையை வைத்துக்கொண்டார். பதினைந்து தடவை ஆஸ்கருக்குப் பரிந்துரை, ஒரு தடவைகூடப் போட்டியில் ஜெயிக்கவில்லை. இந்தப் பாட்டும் பரிந்துரைக்கப்பட்டுத் தோற்றதுதான். அந்த வருடம் விருது ‘லவ் இஸ் எ மெனி ஸ்ப்ளெண்டர்டு திங்’ பாட்டுக்குப் போனது. 1986இல் கௌரவ ஆஸ்கர் கொடுத்தார்கள். இசையமைப்பாளர் ஒருவருக்கு அப்படிக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

படம் ஓடாவிட்டாலும் பாட்டு ஓடியது. 1955லேயே அமெரிக்காவில் லெஸ் பாக்ஸ்டர் தன் ஆர்கெஸ்ட்ராவோடு பதிவுசெய்து முதலிடத்துக்குப் போனார். கண்பார்வை இல்லாத பாடகர் ஆல் ஹிப்ளர் பாடியது மூன்றாம் இடம், ராய் ஹாமில்டன் பாடியது ஆறாம் இடம். இங்கிலாந்தில் அதே வருடம் நான்கு பேருடைய பதிவுகள் ஒரே சமயத்தில் முதல் இருபதில் இருந்தன. அதில் ஜிம்மி யங் பாடியது முதலிடம் பிடித்தது. இது நமக்குப் பழக்கமில்லாத விஷயம். நம் ஊரில் சினிமாப் பாட்டு என்றால் ஒரு குரல், ஒரு பதிவு, அதுதான் மூலம், மற்றவர்கள் பாடுவதெல்லாம் மேடைக் கச்சேரி. அங்கே அந்தக் காலத்தில் பாட்டு என்பது கீர்த்தனை மாதிரி. எழுதியவர் ஒருவர், பாடுகிறவர்கள் எத்தனை பேர் வேண்டுமானாலும். யார் பாடியது பெரிது என்று ரசிகர்கள் சண்டை போட்டுக்கொள்வார்கள். ஒரே குரலோடு ஒட்டிக்கொள்ளாமல் பிறந்ததால்தான் பிற்பாடு வேறு வேறு தலைமுறைகள் அதைத் தங்களுடையதாக எடுத்துக்கொள்ள முடிந்தது.

நீங்கள் யூடியூபில் கேட்டுப் பழகுவது 1965 பதிவு. பாடிய இருவருக்கும் ரைச்சஸ் பிரதர்ஸ் என்று பெயர், ஆனால் அவர்கள் அண்ணன் தம்பி இல்லை. பில் மெட்லிக்குக் கனத்த அடிக்குரல், பாபி ஹாட்ஃபீல்டுக்கு உச்சிக்குப் போகும் குரல். இந்தப் பாட்டை ஹாட்ஃபீல்டு தனியாகத்தான் பாடினார். ஒரு ஆல்பத்துக்கு ஆளுக்கு ஒரு தனிப்பாட்டு என்று பேச்சாம். இரண்டு பேருக்குமே இதைப் பாட ஆசை, காசு சுண்டிப் பார்த்ததில் ஹாட்ஃபீல்டு ஜெயித்தார் என்று மெட்லி சொல்கிறார். ஹாட்ஃபீல்டுக்கு அப்போது இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. இசைத்தட்டு வந்தபோது இது முன்பக்கப் பாட்டே இல்லை, ‘ஹங் ஆன் யூ’ என்ற பாட்டுக்குப் பின்பக்கம். ரேடியோக்காரர்கள் தட்டைத் திருப்பிப் போட்டார்கள். முன்பக்கம் மறந்துபோய், பின்பக்கம் அமெரிக்காவில் நான்காம் இடம் வரை போனது. யார் தயாரித்தது என்பதில் இன்றும் ஒரு இழுபறி உண்டு. முன்பக்கத்தைத் தயாரித்தவர் அக்காலத்தில் கொடிகட்டிப் பறந்த ஃபில் ஸ்பெக்டர். பின்பக்கத்தை நான்தான் பார்த்துக்கொண்டேன் என்பது மெட்லியின் வாதம், பாட்டு ஓடிய பிறகுதான் ஸ்பெக்டரின் பெயர் அதில் ஏறியது என்கிறார். காதால் கேட்டவரையில் நான் மெட்லி பக்கம். ஸ்பெக்டரின் மற்றத் தட்டுகளில் வாத்தியங்கள் சுவர் மாதிரி நின்று குரலை மறைக்கும், இதில் ஆரம்பத்தில் குரலுக்கு அவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள்.

இப்போது என் பக்கத்துக்கு வருகிறேன். அந்தப் பதிவு சி மேஜர், நம் கணக்கில் ஒரு கட்டை. சி, ஏ மைனர், எஃப், ஜி என்று நான்கு கார்டுதான் சுற்றிச் சுற்றி வரும். ஐம்பதுகளில் அமெரிக்கத் தெருமுனைப் பையன்கள் பாடிய பாட்டுகளில் நூற்றுக்கணக்கானவை இதே வரிசையில் இருக்கும். அதனால் “இந்தத் தமிழ்ப் பாட்டு அதைக் காப்பியடித்ததுதானே?” என்று கார்டை மட்டும் வைத்துக்கொண்டு கேட்காதீர்கள். கல்யாணியில் இரண்டு கீர்த்தனை இருந்தால் ஒன்று இன்னொன்றைப் பார்த்து எழுதியது என்று ஆகுமா? தாளம் நம் பாஷையில் திஸ்ர நடை. மெதுவான நான்கு அடி, ஒவ்வொரு அடிக்குள்ளும் மூன்று. அந்த மூன்றை நிதானமாகப் பிரித்துப் பிரித்து வாசிப்பதுதான் இந்தப் பாட்டின் உயிர். தாலாட்டிலும் ஊஞ்சல் பாட்டிலும் நாம் கேட்டுப் பழகிய அசைவுதான் அது. ஆங்கிலமே தெரியாத பாட்டியும் ரிசப்ஷனில் தலையை ஆட்டிக்கொண்டிருப்பதை நான் மேடையிலிருந்து பார்த்திருக்கிறேன்.

நதி கடலுக்குப் போவதைப் பாடும் நடுப்பகுதி இருக்கிறதே, அங்கேதான் நார்த்தின் கைவரிசை. அதுவரை பாட்டு சங்கராபரணத்தின் சுரங்களுக்குள்ளேயே நடந்துகொண்டிருக்கும். அங்கே எஃப், ஜி, எஃப் என்று ஏறி இறங்கி, திடீரென்று ஈ ஃப்ளாட் கார்டில் கால் வைக்கும். சங்கராபரணத்தில் இல்லாத சாதாரண காந்தாரமும் கைசிகி நிஷாதமும் அந்த ஒரு கார்டோடு உள்ளே வந்துவிடும். ஒரு நொடி, தெரிந்த வீட்டில் தெரியாத அறைக்குள் போன மாதிரி இருக்கும். உடனே எஃப், ஜி, சி என்று வாசலுக்குக் கொண்டுவந்து விட்டுவிடுவார். சினிமா இசைக்காரருக்குத்தான் இது வரும். கரோக்கி டிராக்குகள் சிலவற்றில் இந்த இடத்தைச் சுலபமாக்கி வைத்திருப்பார்கள், அந்த டிராக்கை வாங்காதீர்கள்.

அடுத்து, உலகம் ஏன் பாடுகிறது என்ற கேள்வி. இங்கே நான் சொல்வது அபிப்பிராயம்தான், ஆனால் பல வருடம் முகங்களைப் பார்த்து வந்த அபிப்பிராயம். பாட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். தொலைவில் இருக்கிற ஒருத்தியை நினைத்து ஒருவன் பேசுகிறான். நாள் நகரமாட்டேன் என்கிறது, காலம் எதையும் மாற்றிவிடக்கூடியது, நீ இன்னும் என்னுடையவள்தானா என்று கேட்கிறான். நான் வீட்டுக்கு வருவேன், காத்திரு என்கிறான். ஊர் பெயர் இல்லை, ஆள் பெயர் இல்லை, கண் அழகு, கூந்தல் அழகு எதுவும் இல்லை. ஏன் பிரிந்திருக்கிறான் என்பதும் இல்லை. ஆனால் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் சிறை அங்கேதான் இருக்கிறது. காத்திரு என்று சொல்கிறவன் வீட்டில் இல்லை. எங்கேயோ மாட்டிக்கொண்டிருக்கிறான், நினைத்த நேரத்தில் கிளம்ப முடியாது, நாளை எண்ணிக்கொண்டிருக்கிறான். ஜாரெட் சிறையை எடுத்துவிட்டு, சிறைக்குள் இருப்பவனுக்குக் காலம் எப்படி இருக்கும் என்பதை மட்டும் விட்டுவைத்தார்.

நமக்கு இது புதிதே இல்லை. முல்லைத்திணையே இதுதான். வீட்டில் மாலைப் பொழுதில் அவள் காத்திருப்பாள், பாசறையில் அவன் தூக்கம் வராமல் கிடப்பான். நப்பூதனாரின் முல்லைப்பாட்டு நூற்றுமூன்று அடிகளில் இந்த இரண்டு இடங்களுக்கும் மாறி மாறிப் போய்வருகிறது. இந்த ஆங்கிலப் பாட்டில் பாசறைப் பக்கம் மட்டும்தான் கேட்கிறது, அந்தப் பக்கத்திலிருந்து பதில் வருவதில்லை. முல்லையில் தலைவிக்கு அவன் வருவான் என்ற உறுதி இருக்கும். இதில் பேசுகிறவனுக்கு அவ்வளவு உறுதி இல்லை, சந்தேகம் இருக்கிறது. அந்த வகையில் கொஞ்சம் நெய்தல் கலந்த முல்லை, கடலும் இருக்கிறது பாருங்கள். தமிழாசிரியர் யாராவது இதைப் படித்தால் மன்னிக்கவும், நான் கீபோர்டுக்காரன்.

என் அப்பா மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தவர். அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கிறதே எம்.இ.ஜி., அந்தப் படைதான். வருடத்தில் பத்து மாதம் வடக்கே எங்காவது எல்லைப் பக்கம் இருப்பார். அம்மா மர்பி டவுன் வீட்டு வாசலில் தபால்காரருக்காக உட்கார்ந்திருப்பார். பக்கத்து வீடுகளிலும் அதே கதை. எங்கள் தெருவில் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஒன்று இருந்தது, அந்த வீட்டு மாமா ரிட்டயர்டு ரயில்வே. அவரிடம் ரேடியோகிராம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் இந்தப் பாட்டைப் போடுவார். நான் முதலில் கேட்டது அந்த ஜன்னலுக்கு வெளியே நின்று. அம்மாவுக்கு ஆங்கிலம் ஒரு சொல் தெரியாது. “என்னடா, யாரையோ கூப்பிடுற மாதிரியே இருக்கு” என்றார். இதற்கு மேல் ஒரு விளக்கத்தை இத்தனை வருடத்தில் நான் எங்கும் படிக்கவில்லை. துபாய்க்குப் போனவர், கப்பலில் இருப்பவர், மருத்துவமனையில் கிடப்பவர், விசா வராமல் பெண்டாட்டியை இங்கே விட்டுவிட்டு அங்கே கோடிங் எழுதுகிறவர், யார் வேண்டுமானாலும் அந்தக் காலி இடத்தில் உட்கார்ந்துகொள்ளலாம். சொற்களும் எளியவை, ஆங்கிலம் கொஞ்சம் தெரிந்தவரும் பாடிவிடலாம். இதே காரணத்தால்தான் எல்விஸ் பிரெஸ்லி 1977 ஜூனில், சாவதற்கு இரண்டு மாதம்கூட இல்லாத நேரத்தில், வியர்த்துக் கொட்டிக்கொண்டு பியானோ முன்னால் உட்கார்ந்து பாடியபோதும் அது அவருடைய பாட்டாகவே ஆகிவிட்டது. அந்த வீடியோவைப் பாருங்கள், ஆனால் ரிசப்ஷன் முடிந்த பிறகு பாருங்கள்.

இதெல்லாம் சரி, ஆனால் 1990இல் ‘கோஸ்ட்’ வராவிட்டால் உங்கள் வயதுக்காரர்களுக்கு இந்தப் பாட்டு தெரிந்தே இருக்காது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பேட்ரிக் ஸ்வேஸியும் டெமி மூரும் குயவன் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கும் காட்சியில் ஹாட்ஃபீல்டு குரல் வந்தது. நான் எம்.ஜி. ரோட்டுப் பக்கம் ஒரு தியேட்டரில் பார்த்தேன். மறுவாரத்திலிருந்து லவுஞ்சில் சீட்டு எழுதி அனுப்ப ஆரம்பித்தார்கள். அதற்கு முன்னால் இதைக் கேட்டவர்கள் ரிச்சர்ட்ஸ் டவுன், காக்ஸ் டவுன் பெரியவர்கள் மட்டும்தான். அப்புறம் எல்லோரும். அமெரிக்காவில் நடந்தது இன்னும் விசித்திரம். மக்கள் கடைக்குப் போனால் பழைய பதிவு தனிப்பாட்டாகச் சுலபத்தில் கிடைக்கவில்லை. ரைச்சஸ் பிரதர்ஸே மறுபடி புதிதாகப் பாடிப் பதிவுசெய்தார்கள். பழையது ரேடியோவில், புதியது கடையில். இரண்டும் ஒரே நேரத்தில் முதல் இருபதுக்குள் வந்தன, பழையது பதின்மூன்றாம் இடம், புதியது பத்தொன்பதாம் இடம் வரை. இங்கிலாந்தில் பழைய பதிவே முதலிடத்துக்குப் போனது. அப்புறம் அங்கே 1995இல் ராப்சன் அண்ட் ஜெரோம், 2002இல் கேரத் கேட்ஸ். ஜிம்மி யங்கையும் சேர்த்தால் நான்கு வெவ்வேறு பதிவுகளில் அந்த நாட்டில் முதலிடம் பிடித்த முதல் பாட்டு இது. படம் ஓடியதால் பாட்டு ஓடியதா, பாட்டால் படம் ஓடியதா என்று கேட்டால், இரண்டும்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ‘கோஸ்ட்’ படத்திலும் அவன் செத்துப்போய், அவள் பக்கத்திலேயே நின்றும் தொட முடியாமல் தவிக்கிறான். 1955இல் கைதி நின்ற இடத்தில் 1990இல் பேய் நின்றது. பாட்டில் ஒரு எழுத்தை மாற்ற வேண்டியிருக்கவில்லை.

அப்படியென்றால் கல்யாணத்தில் பாடலாமா? தாராளமாகப் பாடுங்கள். சாஸ்திரம் தெரிந்தவனாகச் சொல்லவில்லை, மேடைக்காரனாகச் சொல்கிறேன். இது சேர்ந்திருப்பவர்களின் பாட்டு இல்லை என்பதில் உங்கள் மாமா சரி. அபசகுனம் என்பதில்தான் நான் ஒத்துப்போகவில்லை. மேடையில் நிற்கும் இரண்டு பேரும் எத்தனையோ மாதம் வேறு வேறு ஊரில் இருந்து, இரவு ஒரு மணிக்கு போனில் பேசி, இரண்டு வீட்டையும் சம்மதிக்கவைத்துத்தான் வந்து நிற்கிறார்கள் என்றால், அவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பாட்டு இல்லை. இரண்டு வீட்டாரும் பார்த்து, ஒரே மாதத்தில் முடிவான கல்யாணம் என்றால் பாட்டு கொஞ்சம் ஒட்டாமல்தான் நிற்கும். அப்போது சாப்பாடு ஆரம்பித்த பிறகு பாடுங்கள், யாரும் பொருளைத் தேட மாட்டார்கள். ஒரு தடவை நிகழ்ச்சி நடத்தியவர்கள் மாலை மாற்றும் நேரத்துக்கு இதை வைத்துவிட்டார்கள். மாலை மாற்றுவது ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது, பாட்டு மூன்றரை நிமிடம். மணமக்கள் மீதி நேரம் என்ன செய்வது என்று தெரியாமல் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஸ்கேல் பற்றி ஒரு வார்த்தை. ஹாட்ஃபீல்டு பாடிய ஒரு கட்டையில் எடுக்காதீர்கள். ஆரம்பம் எல்லோருக்கும் சுகமாக இருக்கும், அதில்தான் ஏமாறுவார்கள். கடைசியில் உன் அன்பு வேண்டும் என்று கேட்கும் இடத்தில் அவர் மெட்டை விட்டுவிட்டு மேலே தாவுவார், பொய்க்குரலில். எழுதின மெட்டில் அந்தத் தாவல் இல்லை, அது அவருடைய சொந்தச் சரக்கு. பதிவு முடிந்ததும் இன்னும் நன்றாகப் பாடுகிறேன் என்றாராம், முடியாது, இதுதான் என்று மெட்லி சொல்லிவிட்டாராம். நீங்கள் ஆறு கட்டையோ ஐந்து கட்டையோ, குரலுக்குத் தகுந்த மாதிரி கீழே இறக்கி, முதலில் அந்தக் கடைசி இடத்தைப் பாடிப் பாருங்கள். அது கழுத்து நரம்பு புடைக்காமல் வந்தால்தான் அந்த ஸ்கேல் உங்களுக்கு. தாவல் வரவில்லை என்றால் டாட் டங்கன் மாதிரி நேராகப் பாடிவிடுங்கள், அதுதான் முதலில் இருந்தது. டிரம்ஸ்காரரிடம் கடைசி அடிக்குத் தாளத்தை நிறுத்திவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், எப்போது முடிக்கிறீர்களோ அப்போது அவர் அடிக்கட்டும். மாமாவை முன்வரிசையில் உட்கார வையுங்கள், அவர் தகவலே தப்பில்லாத மனிதர், தப்பாகப் பாடினாலும் அவர்தான் முதலில் கண்டுபிடிப்பார்.